வைல்ட்கார்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

நூலகர், திருநெல்வேலி:
எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை முதலாண்டு மாணவர்களுக்கு எங்கள் நூலகத் தளத்தில் தேடுவது எப்படி என்று ஒரு வகுப்பு. கையேடு நாளை மாலை அச்சுக்குப் போகணும். மேற்கோள் குறிக்குள் போட்டால் தொடரை அப்படியே தேடும், கழித்தல் குறி வேண்டாத சொல்லை விலக்கும், இதெல்லாம் எழுதிவிட்டேன். சொல்லின் மிச்சத்துக்குப் பதிலாக * போட்டுத் தேடுகிற வைல்ட்கார்டில்தான் நிற்கிறேன். போன வருடம் ஒரு மாணவி தன் ஊர்க் குளங்களைப் பற்றித் தேட வந்தாள். ‘குளம்’ என்று அடித்தால் நாலே நாலு பதிவு, குளத்தில், குளங்கள் எதுவும் வரவில்லை, ஏனென்றால் எங்கள் தளத்துக்கு வேற்றுமை உருபெல்லாம் தெரியாது. ‘குள*’ போட்டோம். குளிர், குளியல், குளவி எல்லாம் வந்து கொட்டியது, கணினிக்கு ளி என்பது ள தனி, மேல்விலங்கு (ி) தனி. ‘குளம்*’ போட்டால் மாட்டுக் குளம்பு வருகிறது, ‘குளமும்’ வரவில்லை. கடைசியில் ‘குளத்*’, ‘குளங்*’ என்று தனித்தனியாகத் தேடித்தான் அவளுக்கு வேண்டியது கிடைத்தது. இந்த * செய்கிற வேலைக்கு ஒரு பெயர் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
உடுக்குறி என்று ஏற்கெனவே இருக்கிறதே அம்மா.

நூலகர்:
அது வடிவத்தின் பெயர் ஐயா, உடு என்றால் விண்மீன். கேள்விக்குறியும் ஓர் எழுத்துக்குப் பதிலாக நிற்கிறது, அதை உடு என்று சொல்ல முடியாது.

புலவர், தஞ்சாவூர்:
ஆய்தக்குறி என்று வையுங்கள். ஆய்தல் என்றால் தேடுதல் மட்டுமில்லை. உரியியலில் ‘ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய்’ நான்கும் உள்ளதன் நுணுக்கம் என்கிறார் தொல்காப்பியர். சொல்லைத் தேய்த்து நுணுக்கி, மிச்சத்தைக் குறியிடம் விடுகிறோம், பொருள் எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். முப்பாற்புள்ளி என்று ஆய்த எழுத்துக்குப் பெயர் இருப்பதையும் கவனியுங்கள், இதுவும் புள்ளிபோல ஒரு சிறு குறிதானே. அந்தக் குளம்புச் சிக்கலும் புள்ளியால் வந்ததுதான். ‘மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்’. உகரம் ஏறியதும் புள்ளி போய்விடுகிறது, அதனால்தான் ‘குளமும்’ அகப்படவில்லை.

ஆசிரியை, கோவை:
ஐயா, விளக்கம் அருமை. ஆனால் ஆய்தக்குறி என்று அச்சடித்தால் என் பிள்ளைகள் அத்தனை பேரும் ‘குளஃ’ என்றுதான் அடிப்பார்கள். ரம்மியில் எந்தச் சீட்டுக்குப் பதிலாகவும் வைப்பது ஜோக்கர், பிள்ளைகளுக்கு அது தெரியும். ஜோக்கர் குறி என்றே சொல்லிவிடலாமே?

மொழிபெயர்ப்பாளர்:
சீட்டுக்கட்டை வகுப்புக்குள் கொண்டுவர வேண்டாம். பதிலிக்குறி என்றால் என்ன? இன்னொன்றுக்குப் பதிலாக நிற்பது பதிலி.

புலவர்:
பதில் தமிழில்லை. சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகனைப் பாருங்கள், அரபு ‘பதல்’ என்று போட்டிருக்கும். ஈட்டுக்குறி என்று சொல்லலாம், ஈடு நம் சொல். திருவாய்மொழிக்கு எழுதிய உரையான ஈடு முப்பத்தாறாயிரப்படியின் பெயரில் வரும் ஈடு எந்தப் பொருளில் வருகிறது என்பதையே ஒரு கட்டுரையாக எழுதலாம்.

ஆசிரியை:
ஈடு என்றதும் பிள்ளைகளுக்கு இழப்பீடும் நகைக்கடனும்தான் நினைவுக்கு வரும் ஐயா.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்கள் பக்கம் பள்ளி அதிபர் விடுப்பில் போனால் அந்த இடத்தில் இருப்பவர் பதில் அதிபர். அரசுக் கடிதத்திலேயே அப்படித்தான் வரும். வேர் அரபாக இருக்கட்டும், வந்து எத்தனை தலைமுறை ஆகிவிட்டது. பதிலிக்குறிக்கு என் வாக்கு.

மொழிபெயர்ப்பாளர்:
ஒன்று யோசிக்கவேண்டும். ஓரெழுத்துக்கு ஒரு கேள்விக்குறி என்று கையேட்டில் எழுதினால் தமிழுக்குத் தப்பாகிவிடும். ‘கு’ நமக்கு ஓரெழுத்து, கணினிக்கு இரண்டு, அங்கே இரண்டு கேள்விக்குறி போடவேண்டியிருக்கும். ‘ஓரெழுத்துப் பதிலி’ என்று அதற்குத் தனிப் பெயர் வைத்துவிடாதீர்கள்.

நூலகர்:
சரி, கேள்விக்குறிப் பகுதியை இந்த முறை எடுத்துவிடுகிறேன். பதிலிக்குறிக்கு மூன்று பேர், என்னையும் சேர்த்து. ஆசிரியை அம்மா ஜோக்கரிலேயே இருக்கிறார், அதை வகுப்பில் வாய்மொழியாகச் சொல்லிக்கொள்கிறேன். அச்சில் பதிலிக்குறி (*), எடுத்துக்காட்டு ‘குளத்*’. புலவர் ஐயா மன்னிக்கவேண்டும்.

புலவர்:
மன்னிப்பு எதற்கு அம்மா, பிள்ளைகள் தேடிக் கண்டுபிடித்தால் போதும். ஆனால் ‘பதில்’ என்ற சொல்லுக்கு நான் உடன்படவில்லை என்பது பதிவில் இருக்கட்டும். ஆய்தம் பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது, இரவு தனி மடலாக அனுப்புகிறேன்.