பள்ளிப் பையன்கள் குடிப்பதைத் தடுக்க அரசு மானியம்: கபடிக் குழுவுக்குக் கிடைக்குமா?

ஏரிக்கரை ரைடர் (கேள்வி)

வணக்கம். திண்டிவனம் பக்கம் ஒரு கிராமத்தில் 11 வருடமாகக் கபடிக் குழு நடத்துகிறேன். பிழைப்புக்கு நெல் மண்டியில் கணக்கு எழுதுகிறேன்.

இந்தப் பொங்கல் போட்டியில் அரையிறுதிக்கு விசில் அடிக்கப் போகிறார்கள், எங்கள் ரைடரைக் காணோம். பத்தாம் வகுப்புப் பையன். தேடிப் போனால் பம்புசெட் தொட்டிக்குப் பின்னால் வாந்தி எடுத்துவிட்டுக் கிடக்கிறான். மேலே எங்கள் 7-ஆம் நம்பர் பனியன். பக்கத்தில் நாலு பிளாஸ்டிக் டம்ளர், கிழிந்த தண்ணீர் பாக்கெட், மிச்ச மிக்சர். உனக்கு யாருடா கொடுத்தது என்றால், "கடை வாசல்ல நிக்கிற அண்ணன்கிட்ட காசு குடுத்தா வாங்கித் தருவாரு, அவருக்கு ஒரு கட்டிங் ஊத்தணும்" என்கிறான்.

மொத்தம் 22 பையன்கள். தனித்தனியாகப் பேசிப் பார்த்ததில் ஒன்பது பேர் ஒரு தடவையாவது குடித்திருக்கிறார்கள்.

ஒரு வருடமாவது இவர்களை மாலையில் மைதானத்தில் பிடித்து வைக்க வேண்டும். மேட், மாதம் இரண்டு தடவை ஆலோசகர், திருவிழாவில் ஒரு விழிப்புணர்வுக் கூத்து, சுண்டல், டீ எல்லாம் சேர்த்து 1,80,000 ரூபாய் வருகிறது. டெல்லியில் இதற்கென்றே மானியம் உண்டு, வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் 20,000 முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? குழுவைப் பதிவு செய்யவில்லை. ரப்பர் ஸ்டாம்பும் ரசீது புத்தகமும்தான் இருக்கிறது.

வடக்குத்தெரு

2003-லிருந்து சில்லறை மதுக்கடையையே அரசாங்கம்தான் நடத்துகிறது. விற்கிறவரிடமே போய்த் தடுக்கக் காசு கேட்கிறீர்கள். நடக்கட்டும்.

முந்திரிக்காடு

தம்பி, முதலில் அந்த 20,000-ஐ யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். பண்ருட்டிப் பக்கம் ஒரு சின்ன அறக்கட்டளைக்கு 14 வருடமாக விண்ணப்பம் எழுதுகிறவள் நான். எங்களிடமும் ஒருவர் தர்ப்பண் எண் (தொண்டு அமைப்புகளுக்கான அரசுப் பதிவு எண்) வாங்கித் தருகிறேன் என்று 15,000 கறந்தார். நிதி ஆயோக்கின் அந்தப் பதிவு இலவசம் என்று பிறகுதான் தெரிந்தது.

டெல்லி மானியம் உண்மைதான். சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்தின் என்.ஏ.பி.டி.டி.ஆர். என்ற, போதைப் பழக்கத்தைக் குறைப்பதற்கான தேசியத் திட்டம். அதில் சிபிஎல்ஐ என்று ஒரு பிரிவு உண்டு. வளரிளம் பிள்ளைகளுக்கு, அவர்கள் வயதுப் பிள்ளைகளையே பயிற்சி கொடுத்துப் பேச வைப்பது. உங்கள் யோசனைக்குக் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் விண்ணப்பம் இ-அனுதான் என்ற அரசு மானிய இணையதளம் வழியாகப் போக வேண்டும். பதிவான அமைப்பாக இருக்க வேண்டும். மூன்று வருடத் தணிக்கை அறிக்கை கேட்பார்கள். ரப்பர் ஸ்டாம்புக்குக் கிடைக்காது.

அப்புறம், காகிதம் எப்படிக் கழுத்தை அறுக்கும் என்று சொல்கிறேன். எங்கள் பத்திரத்தில் 'அண்ட்' என்று எழுத்தாக இருந்தது, பான் அட்டையில் அதே இடத்தில் '&' குறி. அந்த ஒரு குறிக்காக ஐந்து மாதம் அலைந்தேன். பெயரைப் பதியும்போதே பத்திரம், பான், வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

சரி, உங்கள் 1,80,000-ஐப் பிரித்துப் பார்ப்போம். ஆலோசகருக்கு ஏன் காசு? மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையிலேயே ஆலோசகர்கள் இருக்கிறார்கள், கடிதம் கொடுத்துக் கூப்பிடுங்கள். அவர்கள் வராத நாளில் பையன்களோ அம்மாக்களோ பேச 14446, போதை மீட்புக்கான இலவச உதவி எண். கூத்துக்கு, கலெக்டர் ஆபீசில் உதவி ஆணையர் (கலால்) இருப்பார். மதுவுக்கு எதிரான கலை நிகழ்ச்சி, பேரணி, துண்டறிக்கை எல்லாம் அவர் வழியாகத்தான் நடக்கும். திங்கட்கிழமை மனு நாளில் கொடுங்கள். பணமாகக் கேட்காதீர்கள், "எங்கள் ஊருக்குக் கலைக்குழுவை அனுப்புங்கள்" என்று கேளுங்கள். பணம் கேட்டால் கோப்பு நகராது, ஆள் கேட்டால் நகரும். என் அனுபவம் இது.

2024-இல் ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்தார்களே, உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் ஆச்சரியமில்லை.

மிச்சம் மேட், சுண்டல், டீ. அதற்கு ஊரில் வசூல்தான்.

சாக்பீஸ்

அரசுப் பள்ளி ஆசிரியர். பையன்கள் படிக்கிற பள்ளியில் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றம் இருக்கும். தலைமையாசிரியரிடம் பேசி உங்கள் மாலைப் பயிற்சியை அதன் நிகழ்ச்சியாகச் சேர்த்துக்கொண்டால் அழைப்புக் கடிதம் பள்ளி முத்திரையோடு போகும். பையனின் பெயர், வகுப்பு, போட்டோ எதுவும் மனுவில் வேண்டாம்.

வாங்கிக் கொடுக்கிற 'அண்ணன்' விஷயத்தை விட்டுவிடாதீர்கள். 21 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்பது கடைக்கு. 18 நிரம்பாத பிள்ளைக்கு மது கொடுப்பவர் யாராக இருந்தாலும் இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77-இல் ஏழு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லலாம்.

ஏரிக்கரை ரைடர்

அக்கா, சார், ரொம்ப நன்றி. முன்பணம் கேட்டவரிடம் தர்ப்பண் இலவசமாமே என்றேன், போனை வைத்துவிட்டார். பதிவு செய்வதானால் சங்கமா, டிரஸ்டா?

முந்திரிக்காடு

உங்களுக்குச் சங்கம். 1975-ஆம் வருடச் சட்டப்படி ஏழு பேர் போதும், மாவட்டப் பதிவாளர் அலுவலகம். ஏழு பேரும் உங்கள் சொந்தக்காரர்களாக வேண்டாம், இரண்டு அம்மாக்களையாவது சேருங்கள். பதிந்த அன்றிலிருந்து டீ வாங்கினாலும் பில் எழுதி வையுங்கள். மூன்று வருடம் கழித்து உங்களைக் காப்பாற்றுவது அந்த டீ பில்தான்.

ஏரிக்கரை ரைடர்

ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் வந்தேன். மூட்டை கயிறு கட்டினபடியே பீரோ மேல் இருந்தது, கிளார்க் சாவியைத் தேட அரை மணி நேரம். கபடி மேட் இல்லை. கிரிக்கெட் மட்டையும் வாலிபாலும் இருக்கின்றன. "கபடி ஆளுங்கள வாலிபால் ஆடச் சொல்றியாண்ணே" என்று பையன்கள் முனகுகிறார்கள். நேற்று 14 பேர் வந்தார்கள். திங்கட்கிழமை மனுவோடு விழுப்புரம் போகிறேன்.