தழைச்சத்து முடக்கமா, ஒடுக்கமா, பிடிப்பா?

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். ஆலைகளின் கரிமக் கழிவை வயலில் இடுவது பற்றிய உழவர் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளியன்று அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல் பாக்கி. மரத்தூள், காகித ஆலைக் கசடு போன்றவற்றில் கரிமம் மிகுதி, தழைச்சத்து (நைட்ரஜன்) சொற்பம். ஒரு பங்கு தழைச்சத்துக்கு 30 பங்குக்கு மேல் கரிமம் இருந்தால், கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் எடுத்துக்கொள்கின்றன, பயிர் வெளிறுகிறது. இதற்கு ஆங்கிலத்தில் இம்மொபிலைசேஷன் என்று பெயர். தமிழில் "நிலைப்படுத்தல்" எனலாமா?

மண்ணியல் ஆசிரியர்:
வேண்டாம். பயறு வேர்முடிச்சில் காற்றின் தழைச்சத்து பிடித்துச் சேர்க்கப்படுவது "நிலைநிறுத்தல்". அது மண்ணுக்கு வரவு. இது பயிருக்கு இழப்பு. சொல் ஒன்றுபோல் இருந்தால் மாணவர்கள் தலைகீழாக எழுதுகிறார்கள். நான் வகுப்பில் "முடக்கம்" என்கிறேன்.

புலவர்:
முடக்கம் என்றால் செயலற்றுக் கிடப்பது. இந்தச் சத்து எங்கும் போய்விடவில்லையே! நுண்ணுயிர் மடிந்ததும் மண்ணுக்கே திரும்புகிறது. ஒடுங்கியது மீண்டும் தோன்றும் என்பது சைவ சித்தாந்தத்தின் அடிப்படை. "ஒடுக்கம்" என்ற சொல் ஆயத்தமாக இருக்கும்போது தேடுவானேன்?

மண்ணியல் ஆசிரியர்:
ஐயா, வேதியியலில் ஒடுக்கம் வேறு. நீர் தேங்கிய வயலில் நைட்ரேட் ஒடுக்கமும் நடக்கும். அதில் தழைச்சத்து வாயுவாகிப் போயே போய்விடும். திரும்பி வருவதற்கும் வராததற்கும் ஒரே பெயரா?

இன்னொரு உறுப்பினர்:
முடக்கத்துக்கு நான் வாதாடுகிறேன். முடங்குதல் என்றால் மடங்குதல், சுருளுதல். சுருட்டிய ஓலைக்கு முடங்கல் என்று பெயர். சிலம்பில் மாதவி கோவலனுக்கு அனுப்புவது "மண்ணுடை முடங்கல்", அதாவது மண் இலச்சினையிட்ட ஓலை. பிரித்தால் செய்தி அப்படியே இருக்கும். மண்ணுக்குள் முடங்கிய சத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறென்ன!

வேளாண் களப்பணியாளர்:
ஓலை அழகுதான். ஆனால் உழவர் காதில் முடக்கம் என்றால் வேலை நின்றுபோனது. "நுண்ணுயிர்ப் பிடிப்பு" என்றால் விளக்கமே வேண்டாம்.

மண்ணியல் ஆசிரியர்:
களிமண் அம்மோனிய வடிவத் தழைச்சத்தைப் பிடித்துவைப்பதும் பிடிப்புதானே அம்மா.

மொழிபெயர்ப்பாளர்:
வியாழன் இரவு ஆகிவிட்டது. முடக்கத்துக்கு நான்கு பேர், பிடிப்புக்கு இருவர், ஒடுக்கத்துக்குப் புலவர் ஐயா மட்டும். "தற்காலிக முடக்கம்" என்று போடுகிறேன். பக்கத்திலேயே "நுண்ணுயிர் பிடித்துவைத்து, மடிந்தபின் விடும்" என்று ஒரு வரி. கழிவை முன்கூட்டியே மக்கவைத்து, அந்த 30-ஐ 20 அளவுக்கு இறக்கிய பிறகு இடச் சொல்லும் பத்தி அடுத்து வருகிறது. அது உழவருக்குப் புரிந்தால் எனக்குப் போதும்.

புலவர்:
என் கருத்தில் மாற்றமில்லை. மறுபதிப்பின்போது மீண்டும் எழுதுவேன். "தற்காலிக" வடசொல், அதையாவது நீக்குங்கள். "சிலகால" எனலாம்.

இன்னொரு உறுப்பினர்:
காலம் தமிழ்ச் சொல்தானா ஐயா? அதைத் தனி இழையில் பேசுவோம்.