மண்டிக் கணினியை மாற்றுவதா?

குழு: பாம்பன் வீடு

அம்மா, காலை 6:52
எல்லோருக்கும் வணக்கம். நம் மீன் மண்டியில் இருக்கும் கணினி சில நாட்களாகச் சரியில்லை. பொத்தானை அழுத்தினால் பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது. நான்கைந்து தடவை அணைத்துப் போட்ட பிறகே திரை வருகிறது. வந்தாலும் 2012 ஜனவரி என்று தேதி காட்டுகிறது, வங்கிப் பக்கமோ பாதுகாப்பில்லை என்று சொல்லித் திறக்க மறுக்கிறது. ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. அதற்குள் விசைப்படகுக்காரர்களின் முன்பணக் கணக்கைத் தீர்த்துக் கொடுத்தாக வேண்டும்.

அப்பா, காலை 7:05
கடைக்காரரிடம் பேசிவிட்டேன். புதியதற்கு 42,000 ரூபாய் சொல்கிறார். பழையதை எடுத்துக்கொண்டு 1,500 கழித்துக்கொள்வாராம். இன்றே சரி என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.

கோவைச் சித்தப்பா, காலை 7:09
அண்ணே, இன்று சொல்ல வேண்டாம். எதை வாங்கினாலும் பழைய பெட்டியை மட்டும் கடையில் கொடுத்துவிடாதீர்கள். காரணத்தை விரிவாக எழுதுகிறேன்.

ராமநாதபுரம் அத்தை, காலை 7:10
எழுது தம்பி. கொஞ்சம் சுருக்கமாக எழுது.

தங்கச்சிமடம் தாத்தா, காலை 7:14
விண்டோஸ் 10 போட்ட கணினிகள் எல்லாம் வரும் அக்டோபரில் தாமாகவே நின்றுவிடும் என்று எனக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. நம்முடையதும் அந்த வகைதானே?

கோவைச் சித்தப்பா, காலை 7:31
முதலில் மதினி சொன்னதற்கு வருகிறேன். அதில் இருப்பவை தனித்தனிக் கோளாறுகள். எல்லாம் ஒரே நேரத்தில் வந்ததால்தான் கணினியே போய்விட்டது போலத் தோன்றுகிறது. தேதி பின்னால் போவதற்குக் காரணம், மதர்போர்டு என்ற உள் பலகையில் ஒரு ரூபாய் நாணயம் போல இருக்கும் சி.ஆர். 2032 என்ற பேட்டரி. மின்சாரம் இல்லாத நேரத்தில் உள்ளே இருக்கும் கடிகாரத்தை ஓட்டுவது அந்த மூன்று வோல்ட் பேட்டரிதான். அது தீர்ந்துவிட்டால், மின்சாரத்தை நிறுத்திப் போடும் ஒவ்வொரு முறையும் கணினி தன் தொடக்கத் தேதிக்கே திரும்பிவிடும். வங்கிப் பக்கம் திறக்காததற்கும் அதுவே காரணம். ஒவ்வொரு இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழும் இந்த நாளிலிருந்து இந்த நாள் வரை செல்லும் என்ற கணக்கில் வழங்கப்படுவது. கணினி 2012 என்று நம்பிக்கொண்டிருந்தால், அந்தச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று எண்ணி உலாவி கதவைச் சாத்திவிடும். இதற்கு 42,000 ரூபாய் வேண்டியதில்லை, வாட்ச் கடையில் கிடைக்கும் பேட்டரி ஒன்று போதும்.

பீப் சத்தம் பெரும்பாலும் ரேம் என்ற நினைவகப் பட்டை சரியாகப் பொருந்தாததால் வருவது. பாம்பனில் அது அடிக்கடி நடக்கும். உப்புக் காற்றின் ஈரம் ரேமின் விளிம்பில் இருக்கும் உலோகப் பட்டைகளில் படிந்து கறுத்துவிடும், பிறகு இணைப்பு விட்டு விட்டுத்தான் கிடைக்கும். மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் அந்தப் பட்டைகளை மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு மீண்டும் அழுத்திப் பொருத்தினால் பல நேரம் சரியாகிவிடும்.

அம்மா, காலை 7:36
அந்த அறைக்குப் பின்பக்கம்தான் நெத்திலியும் வாளையும் காயப் போடுகிறோம். சன்னலைத் திறந்தால் உப்புத் தூள் மேசை வரை வருகிறது. மூடினால் வெக்கையில் உட்கார முடியவில்லை.

அப்பா, காலை 7:38
ரப்பரால் தேய்த்து எத்தனை நாள் ஓட்டுவது? ஐயா இருக்கும்போது வாங்கியது. 13 வருடம் உழைத்துவிட்டது. அதற்கும் ஓய்வு வேண்டாமா?

நான், காலை 7:44
சித்தப்பா, நான் காரைக்குடியிலிருந்து போன வாரம் வந்தபோது கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கோப்பைத் திறக்கும்போது பெட்டிக்குள்ளிருந்து டக் டக் என்று சீரான இடைவெளியில் சத்தம் வந்தது. அந்த நேரத்தில் திரை அப்படியே உறைந்து நின்றது.

கோவைச் சித்தப்பா, காலை 7:46
அதைத்தான் கேட்க இருந்தேன். மதினி, தயவுசெய்து இப்போதே அணைத்துவிடுங்கள். இன்று யாரும் மீண்டும் போட வேண்டாம்.

அம்மா, காலை 7:48
அணைத்துவிட்டேன்.

கோவைச் சித்தப்பா, காலை 8:10
அந்தச் சத்தம் கோப்புகளைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க்கினுடையது. அதற்குள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழலும் தட்டுகளும், அவற்றுக்கு மேலே தொட்டும் தொடாமலும் நகரும் படிக்கும் முனையும் இருக்கின்றன. முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப ஆரம்பத்துக்கே போய் வரும்போது எழும் ஒலி அது. இந்த நிலையில் ஓட்டும் ஒவ்வொரு மணி நேரமும் உள்ளே இருப்பதை இழக்கும் அபாயத்தைக் கூட்டும். புதிய கணினி எந்தக் கடையிலும் கிடைக்கும். 2013 முதல் இன்று வரை எந்தப் படகுக்கு எவ்வளவு முன்பணம் போனது, எவ்வளவு சரக்காகத் திரும்பியது என்ற கணக்கு அந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கிறது. அதனால்தான் பெட்டியைக் கொடுத்துவிடாதீர்கள் என்றேன். கழித்துக்கொள்ளும் 1,500 ரூபாய்க்கு நம் வங்கி விவரம், வாடிக்கையாளர் பெயர்கள், எல்லோருடைய அடையாள அட்டை நகல்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுப்பதாக ஆகிவிடும்.

ராமநாதபுரம் அத்தை, காலை 8:13
2018-இல் கஜா புயல் வந்தபோதே வேறொரு இடத்தில் நகல் எடுத்து வைக்கச் சொன்னேன். அப்போது யாரும் கேட்கவில்லை.

அப்பா, காலை 8:15
அக்கா, அதை இப்போது பேச வேண்டாம்.

தங்கச்சிமடம் தாத்தா, காலை 8:17
அக்டோபர் விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

கோவைச் சித்தப்பா, காலை 8:29
தாத்தா, எந்தக் கணினியும் தாமாக நிற்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியே முடிந்துவிட்டது. வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும் என்று அறிவித்தார்கள். உங்களுக்கு வந்த செய்தி அதைத்தான் திரித்துச் சொல்கிறது. அந்தத் திருத்தங்கள் நின்ற பிறகும் கணினி ஓடும், ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க யாரும் இருக்கமாட்டார்கள். விண்டோஸ் 11 போடலாமே என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸர் என்ற மையச் சில்லும் கேட்கிறார்கள். நம்முடையது மூன்றாம் தலைமுறை ஐ3. ஆகவே வங்கி வேலைக்கு இந்தப் பெட்டியை நெடுநாள் நம்ப முடியாது என்பதில் அண்ணன் சொல்வதுதான் சரி. மாற்றத்தான் வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை எடுக்காமல் மாற்றக் கூடாது என்பது மட்டுமே என் கோரிக்கை.

அப்பா, காலை 8:31
அப்படியானால் நான் சொன்னதற்குத்தானே வந்து நிற்கிறாய்?

மாமா, காலை 8:40
மாப்பிள்ளை, ஒரு கேள்வி. கணினிப் பெட்டியின் இரும்புப் பக்கத்தைத் தொட்டால் கையில் சுரீர் என்று ஏதாவது தெரிகிறதா?

அம்மா, காலை 8:42
தெரிகிறது அண்ணா. செருப்பில்லாமல் நின்று தொட்டால் நன்றாகவே தெரிகிறது. பழகிவிட்டது.

மாமா, காலை 8:55
அது பழகிக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த அறைக்கு எர்த் வேலை செய்யவில்லை. கணினியின் மின்சாரப் பெட்டிக்குள் இருக்கும் வடிகட்டி, சிறு கசிவு மின்சாரத்தை எர்த் வழியாக மண்ணுக்கு அனுப்பும்படி அமைக்கப்பட்டது. எர்த் அறுந்திருந்தால் அந்தக் கசிவு பெட்டியின் இரும்பிலேயே தங்கி, தொடுபவரின் உடம்பு வழியாக இறங்கும். கடற்கரை மண் ஈரமும் உப்பும் உள்ளது என்பதால் மின்சாரத்தை நன்றாகவே வாங்கிக்கொள்ளும், ஆனால் அதே உப்பு எர்த் குழாயையும் இணைப்புப் போல்ட்டையும் சில ஆண்டுகளில் தின்றுவிடும். மண்டிக்கு வயரிங் செய்த அன்றே எர்த் குழி தனியாக வேண்டும் என்று சொன்னேன். செலவைக் குறைக்க வேண்டும் என்று வேறு ஆளை வைத்துச் செய்தீர்கள். அது போகட்டும். இதைச் சரிசெய்யாமல் 42,000 ரூபாய்க் கணினியை அதே பிளக்கில் சொருகினால் அதன் ஆயுளுக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன்.

அப்பா, காலை 8:58
மச்சான், அப்போது கையில் பணம் இல்லை. உங்களுக்கும் தெரியும்.

மாமா, காலை 8:59
தெரியும். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து பார்க்கிறேன்.

நான், காலை 9:06
இன்னொன்றும் இருக்கிறது. ஐயா படகுக்காரர்களுக்கு எழுதிய கடிதங்களும் பெயர்ப் பதிவேடும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. என் மடிக்கணினியில் திறந்தபோது ஒரு சொல்கூடத் தமிழாகத் தெரியவில்லை, எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தது.

கோவைச் சித்தப்பா, காலை 9:12
அவை அழியவில்லை. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பார்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினி அடியில் இருக்கும் ஆங்கிலத்தையே காட்டும். எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுத்துக்கொள். பிறகு ஒவ்வொன்றாக, எல்லாக் கணினியிலும் தமிழாகத் தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். மாற்றிய பிறகு எண்களையும் ஊர்ப் பெயர்களையும் நீயே ஒரு முறை சரிபார்க்க வேண்டும். ஐயாவின் சுருக்கக் குறிகள் உனக்குத்தான் தெரியும். மதினி, கணக்கு மென்பொருளான டேலியின் உரிமம் இந்தக் கணினியோடு கட்டப்பட்டது. பழையதிலிருந்து அதை ஒப்படைத்த பிறகுதான் புதியதில் செயல்படுத்த வேண்டும், அதனால் அந்த வேலை முடியும் வரையாவது இது எழுந்து நிற்க வேண்டும்.

தங்கச்சிமடம் தாத்தா, காலை 9:20
புதியதைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினால் விலை குறையுமே. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு ரயில் மறுபடியும் ராமேஸ்வரம் வரை வருகிறது. பேரன் யாராவது கையோடு கொண்டுவரலாம்.

ராமநாதபுரம் அத்தை, காலை 9:22
பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியபோது மண்டபத்தில் இறங்கி மூட்டையோடு பேருந்துக்கு நின்றது இன்னும் மறக்கவில்லை.

அப்பா, காலை 9:24
உள்ளூரில் வாங்கினால் கெட்டுப்போனால் கூப்பிட ஆள் இருக்கும். அதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

கோவைச் சித்தப்பா, காலை 9:41
இதில் அண்ணன் பக்கம்தான் நானும். ஆனால் வாங்கும் நேரத்தையும் பார்க்க வேண்டும். 2025-இன் கடைசி மாதங்களில் ரேம் விலை வேகமாக ஏறியது. செயற்கை நுண்ணறிவு நிலையங்களுக்கு நினைவகச் சில்லுகள் பெருமளவில் போவதே முக்கியக் காரணம். அதனால் அவர் சொன்ன விலையில் ரேம் எவ்வளவு, சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் உண்டா, பிராசஸர் எந்தத் தலைமுறை என்று எழுத்தில் வாங்குங்கள். அலுவலகங்களில் ஓடி வந்த எட்டாம் தலைமுறைக் கணினியை உத்தரவாதத்தோடு யாராவது கொடுத்தால் நம் கணக்கு வேலைக்கு அதுவும் போதும். ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி என் மடிக்கணினியில் இணைத்து, முதலில் கணக்கு, அடுத்து ஐயாவின் கோப்புகள், கடைசியில் படங்கள் என்ற வரிசையில் எடுப்பேன். அதுவரை முன்பணக் கணக்கை நோட்டில் எழுதிவையுங்கள்.

அம்மா, காலை 9:45
நோட்டில் எழுதத் தொடங்கிவிட்டேன். புதியது வந்தால் சன்னல் பக்கம் வைக்க மாட்டேன், உள்ளறைக்கு மாற்றிவிடலாம். அங்கே பிளக் பாயின்ட் இல்லை என்பதையும் அண்ணன் வரும்போது பார்க்கட்டும்.

ராமநாதபுரம் அத்தை, காலை 9:50
பணத்தை யார் போடுவது? இன்வெர்ட்டர் வாங்கியபோது மூன்று பங்கு என்று பேசிவிட்டுத் தம்பி ஒருவன்தான் போட்டான். இந்த முறை முதலிலேயே பேசிவிடுவோம்.

அப்பா, காலை 9:53
நான் யாரிடமும் கேட்கவில்லையே அக்கா.

கோவைச் சித்தப்பா, காலை 9:54
அத்தான் செய்யும் எர்த் வேலைக்கான சாமான் செலவு என்னுடையது. கணினியைப் பற்றி நேரில் பேசுவோம், அண்ணே.

அப்பா, காலை 10:02
கடைக்காரரிடம் திங்கட்கிழமை வரை நேரம் கேட்டிருக்கிறேன். அதற்கு மேல் அந்த விலைக்குத் தர முடியாது என்கிறார். தங்கச்சிமடம் சித்தப்பா, மண்டி மாடியறைச் சாவி உங்களிடம் இருந்தால் ஞாயிறு காலை கொடுத்துவிடுங்கள், புதிய வயர்ச் சுருள் அங்கேதான் இருக்கிறது.

தங்கச்சிமடம் தாத்தா, காலை 10:11
சாவியைப் பொங்கலுக்கே உன் வீட்டில் கொடுத்துவிட்டேன்.