சைபர்பங்க் 2077: 2.0-க்கு அப்புறம் குறையே இல்லையாமே?

வாட்சன்வாசி:
நேத்து நெட்ரன்னர்77 எழுதினது இது: "2.0 அப்டேட்டுக்கு அப்புறம் சைபர்பங்க்ல குறைன்னு சொல்ல ஒண்ணுமே இல்ல, திறந்த உலக ஆர்பிஜின்னா (ஒரு பாத்திரமா ஊரெல்லாம் சுத்தி ஆடுற கேம்) இனி இதுதான்." படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. அப்போ போலீஸ்? 2020 டிசம்பர் 10-ல கேம் வந்தப்போ மொட்டை மாடியில நின்னு ஒருத்தனைச் சுட்டாக்கூட முதுகுக்குப் பின்னாடி போலீஸ் முளைக்கும். கார்ல துரத்தவே தெரியாது. ரெண்டு தெரு தாண்டிட்டா விஷயம் முடிஞ்சது. 1.2 அப்டேட்ல அந்த முளைக்கிற தூரத்தைக் கொஞ்சம் தள்ளி வச்சாங்க, அவ்வளவுதான். கேம்ல நைட் சிட்டின்னு இவ்வளவு பெரிய ஊரைக் கட்டிட்டு போலீஸை இப்படி விட்டா அது ஊரா, சினிமா செட்டா?

நெட்ரன்னர்77:
ப்ரோ, நீங்க இன்னும் 2020-லயே இருக்கீங்க. 2023 செப்டம்பர் 21-ல வந்த 2.0-ல போலீஸை அடியோட மாத்திட்டாங்க. கார்ல துரத்துறாங்க, ரோட்டை மறிக்கிறாங்க, போலீஸ் தேடுற அளவு உச்சமா அஞ்சு ஸ்டார் ஆனா மேக்ஸ்டாக்ங்கிற சிறப்புப் படை ஏவிங்கிற பறக்கும் வண்டியில வந்து இறங்குது. ஆடிப் பாத்துட்டு எழுதுங்க.

வாட்சன்வாசி:
ஆடாம எழுதலை. துரத்துறாங்க, சரி. துரத்திப் பிடிச்சு? கையைத் தூக்கிச் சரணடைய வழி இல்ல. அபராதம் இல்ல, லஞ்சம் இல்ல, ஜெயில் இல்ல. ஒண்ணு சாகணும், இல்ல ஓடணும். பார்வையில இருந்து தப்பி, மினிமேப்ல காட்டுற தேடுற வட்டத்துக்கு வெளிய கொஞ்ச நேரம் நின்னா ஸ்டார் எல்லாம் அணைஞ்சிடும். அப்புறம் அதே தெருவுல அதே போலீஸ் பக்கத்துல நடந்து போனாலும் உங்களைத் தெரியாது. கார்ப்பரேட் கொடுங்கோல் ஊர்னு கதை முழுக்கச் சொல்றாங்க, அந்த ஊர் போலீஸுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி நடந்தது ஞாபகம் இல்ல!

பழையகன்சோல்:
நீங்க ரெண்டு பேரும் 2.0 பத்திப் பேசுறீங்க. பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு 2.0 வரவே இல்ல, பெரிய அப்டேட்டை 1.6-ஓட நிறுத்திட்டாங்க. ஃபாண்டம் லிபர்ட்டிங்கிற கூடுதல் கதைப் பகுதியும் கிடையாது. பிளேஸ்டேஷன் ஸ்டோர்ல இருந்தே கேமைத் தூக்கி, 2021 ஜூன் 21-லதான் திரும்ப வச்சாங்க. அந்த மெஷினுக்குக் காசு கொடுத்தவங்களுக்கு இன்னிக்கும் 'குறையே இல்லாத' கேம் கிடைக்கலை.

ரிப்பர்டாக்:
போலீஸை விடுங்கப்பா, ஆர்பிஜி பக்கத்தைப் பாருங்க. முன்னாடி கவசம் எல்லாம் துணியில இருந்துச்சு. நம்பர் ஏறணும்னு பொருந்தாத தொப்பியும் கண்ணாடியும் மாட்டிக்கிட்டு நாம ஆடுற வி கோமாளி மாதிரி நிப்பான். 2.0-ல கவசம் உடம்புக்குள்ள பொருத்துற மெஷின் பாகமான சைபர்வேருக்குப் போயிடுச்சு, அதுக்குக் கொள்ளளவுன்னு ஒரு வரம்பும் வச்சாங்க. டெக்னிக்கல் எபிலிட்டிங்கிற குணத்தை 20 ஆக்கி எட்ஜ்ரன்னர்ங்கிற பெர்க் (கூடுதல் திறமை) எடுத்தா வரம்பை 50 வரைக்கும் தாண்டலாம், ஆனா தாண்டுற ஒவ்வொரு புள்ளிக்கும் மொத்த உயிர்ல அரை சதவீதம் போகும். முழுசாத் தாண்டினா கால் பங்கு உயிர் காலி. எதை விட்டு எதை எடுக்கிறதுன்னு யோசிக்க வைக்குதே, ஆர்பிஜின்னா அதுதான்.

நெட்ரன்னர்77:
அதேதான். ஃபாண்டம் லிபர்ட்டி இருந்தா 60-ம் லெவல்ல குணங்களுக்கு மொத்தம் 81 புள்ளி. அஞ்சு குணத்தையும் 20 ஆக்க 100 வேணும். மூணை 20 ஆக்கினாலே 60 போயிடும், மிச்சம் 21-ஐ ரெண்டுக்குப் பிரிக்கணும். இன்டெலிஜென்ஸ் 15-ல ஓவர்கிளாக் பெர்க் எடுத்தா ஹேக்குக்குச் செலவாகுற ரேம் தீர்ந்தாலும் உயிரைக் கொடுத்து ஹேக் போடலாம். இதெல்லாம் வாட்சன்வாசி அண்ணன் கண்ணுக்குத் தெரியாது.

வாட்சன்வாசி:
நல்லாத் தெரியுது. அதே 2.0-லதான் எதிரிகளையும் உங்க லெவலுக்கு ஏத்தி வச்சாங்கன்னும் தெரியுது. முன்னாடி ஆரம்பத்துல பசிஃபிகாங்கிற ஆபத்தான பகுதிப் பக்கம் எட்டிப் பாத்தா ஒரே அடியில சாவு. அந்தப் பயம்தான் ஊருக்கு ஒரு குணத்தைக் கொடுத்துச்சு. இப்போ எல்லாத் தெருவும் ஒரே கனம். கொள்ளளவு, பெர்க்னு கணக்குச் சொல்றீங்களே, நான் கேட்டதுக்குப் பதில் எங்க? போலீஸ்கிட்ட சரணடைய முடியுமா, முடியாதா?

ரிப்பர்டாக்:
சரணடையணும்னா வேற கேம் ஆடுங்க. இது ரவுடி ஊர்ல காசுக்குத் துப்பாக்கி தூக்குறவன் கதை.

வாட்சன்வாசி:
ரவுடி ஊர்லதான் போலீஸுக்கு லஞ்சம் ஓடும். அதுகூட வைக்கலை!

பழையகன்சோல்:
பிசிக்காரங்களும் ரொம்ப ஆடாதீங்க. சேவ் ஃபைல் 8 எம்பி தாண்டினா கெட்டுப்போற பிழை உங்க பக்கம்தான் இருந்துச்சு. கிராஃப்டிங்னு கேம்ல பொருள் செஞ்சு செஞ்சு பையை நிரப்புனவங்க சேவ்தான் முதல்ல போச்சு. 1.06 அப்டேட் வர்ற வரைக்கும் வழி இல்ல.

நெட்ரன்னர்77:
அது வந்த மாசமே சரியாயிடுச்சு. உங்க கோபம் மெஷின் மேல, கேம் மேல காட்டுறீங்க. 2.0-க்கு எஸ்எஸ்டிங்கிற வேகமான டிரைவ் கட்டாயம், 70 ஜிபி இடம். பழைய ஹார்டு டிஸ்க்ல போட்டா வேகமா ஓட்டும்போது கண்ணு முன்னாடியே சுவரும் காரும் தாமதமா வந்து ஒட்டும். அதை எப்படி பிஎஸ்4-ல கொடுப்பாங்க?

பழையகன்சோல்:
அப்போ அந்த மெஷினுக்கு வித்திருக்கவே கூடாது. வித்ததுக்கு அப்புறம் 'உன் மெஷின் பத்தாது'ங்கிறது என்ன நியாயம்?

நெட்ரன்னர்77:
2023-ல கேம் அவார்ட்ஸ்ல பெஸ்ட் ஆன்கோயிங் கேம் விருது சும்மாவா கொடுத்தாங்க?

வாட்சன்வாசி:
மூணு வருஷமா ரிப்பேர் பாத்ததுக்குக் கொடுத்தாங்க. கதை, டாக்டவுன் பகுதி, ஜூடி, பனாம்னு கதையில வர்ற ஆளுங்க எல்லாம் எனக்கும் பிடிக்கும், அதனாலதான் எரிச்சல் வருது. 2.1-ல 19 ஸ்டேஷனோட மெட்ரோ விட்டாங்க, ஜன்னலோரம் உக்காந்து ஊரைப் பாக்கலாம், அருமை. அதுக்கு நேரம் இருந்துச்சு. போலீஸ் கைது பண்றதுக்கு மட்டும் நேரம் இல்லையா?

ரிப்பர்டாக்:
திரும்பவும் போலீஸா...

வாட்சன்வாசி:
திரும்பவும்தான். பதில் வர்ற வரைக்கும் கேப்பேன்.

நெட்ரன்னர்77:
பதில் சொல்லியாச்சு: மேக்ஸ்டாக். அஞ்சு ஸ்டார் வாங்கிட்டு ரோட்டுல நின்னு பாருங்க, அப்புறம் பேசலாம்.

வாட்சன்வாசி:
நின்னு பாத்தாச்சு. சுட்டாங்க. கைது பண்ணலை.