"அமுங்க மாட்டேங்குதுங்க" என்று திரும்பியவர்

கோவையில் என் மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) சுடப் பழகும் ரேஞ்சில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பிள்ளைகளை இந்த விளையாட்டில் சேர்க்க நினைப்பவர்கள் அவசியம் படியுங்கள்.

பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒருவர் மகனைச் சேர்க்க வந்திருந்தார். அவர் வீட்டில் அப்பா காலத்து லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் போய் வாங்கிவருகிற குடும்பம். துப்பாக்கி அவருக்குப் புதிதல்ல. கோச் அவரையும் ஏர் பிஸ்டலில் சுட்டுப் பார்க்கச் சொன்னார். நாலைந்து பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) நன்றாகவே போனது. அப்புறம் ஒன்று கிளம்பவில்லை. "ஏனுங்க, இது அமுங்கவே மாட்டேங்குதுங்க" என்றபடி அப்படியே பின்னால் திரும்பிவிட்டார். கையில் பிஸ்டல், விரல் ட்ரிகரில். பின்னால் பெஞ்சில் சின்னப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

கோச் கத்தவில்லை. ஒரே எட்டில் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்து, குழலை டார்கெட் பக்கம் திருப்பி, "அங்கயே பார்த்துட்டுச் சொல்லுங்கண்ணா" என்றார். அதற்கப்புறம்தான் எல்லா லேனுக்கும் "ஸ்டாப்" கொடுத்தார். கத்தியிருந்தால் அந்த மனிதர் பதறிப்போய் விரலை அழுத்தியிருப்பாரோ என்று இன்றைக்கும் நினைக்கிறேன். துப்பாக்கி வேலை செய்யவில்லை என்றால் திரும்பவே கூடாது. குழல் டார்கெட்டையே பார்க்கட்டும். ட்ரிகரிலிருந்து விரலை எடுத்துவிட்டு மறு கையைத் தூக்கினால், சுடுமிடத்தைக் கண்காணிக்கும் ரேஞ்ச் ஆபீசர் நம்மிடம் வருவார்.

இன்னொரு நாள், ஒரு பெண் பேப்பர் டார்கெட் மாற்ற முன்னால் போயிருந்தபோது, பெரிய பையன் ஒருவன் குறி பார்க்கிறேன் என்று ரைபிளைத் தூக்கிவிட்டான். பெல்லட் இல்லை. கோச் அன்றைக்கு அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். "காலித் துப்பாக்கிக்கா இத்தனை?" என்று அவன் அம்மா சண்டைக்கு வந்தார். "காலின்னு அவனுக்குத் தெரியுதுங்கக்கா, முன்னாடி நின்ன பொண்ணுக்குத் தெரியுமா?" என்றார் கோச். நான் கோச் பக்கம்தான்.

'காற்றுத் துப்பாக்கிதானே' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகிறது. கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். லைசென்ஸ் கேட்காத ரகம் என்பதால் அது விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. காற்று அடைத்த சிலிண்டரைக் கழற்றினால் சுடாது என்றும் நம்ப வேண்டாம். உள்ளே தங்கிய காற்றே இன்னொரு பெல்லட்டைத் தள்ளிவிடலாம். அதனால்தான் பளிச்சென்ற நிறத்தில் ஒரு கயிற்றைக் குழல் நெடுக விட்டு, இரண்டு முனையும் வெளியே தெரிகிற மாதிரி வைக்கிறார்கள். அதைத்தான் சேஃப்டி ஃப்ளாக் என்கிறோம். சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் சும்மா போய் உட்கார்ந்து, மேஜையில் கிடக்கும் துப்பாக்கிகளில் அது இருக்கிறதா என்று பாருங்கள். சிலிண்டர் காலாவதி ஆகவில்லையா என்று அதில் அச்சடித்திருக்கும் தேதியையும் பாருங்கள்.

பெல்லட் ஈயம் என்பதால் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எங்கள் ரேஞ்சில் குழாயடிக்குப் போய்வராமல் எந்தப் பிள்ளையும் பன் பாக்கெட்டைப் பிரிக்க முடியாது.