டார்க் மோடில் மெய்யெழுத்தின் புள்ளி கரைகிறது, என்ன செய்யலாம்?

கடைசிப்பக்கம்:
போனில் மின்நூல் செயலியை டார்க் மோடுக்கு மாற்றி ஒரு வாரம் ஆகிறது. கன்னங்கரேல் பின்னணி, வெள்ளை எழுத்து. பத்து நிமிடத்தில் எழுத்தைச் சுற்றிப் பஞ்சு ஒட்டியதுபோல் ஒளி கசிகிறது. 'ன' எது, 'ண' எது என்று தெரியவில்லை. புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்கிறது. நிமிர்ந்து சுவரைப் பார்த்தால் கோடு கோடாகத் தெரிகிறது. போல்டு போட்டுப் பார்த்தேன், இன்னும் மோசம். திரைக் கோளாறா?

மசிக்கூடு:
கோடுகளுக்குப் பயப்பட வேண்டாம். பளிச்சென்ற வரிகளையே பார்த்த கண்ணில் அவற்றின் எதிர்ப்பிம்பம் சற்று நேரம் தங்கும். முதலில் போல்டை எடுங்கள். கறுப்பின் மேல் வெள்ளை எப்போதுமே தடித்துத்தான் தெரியும். நம் 'ண'வில் இருக்கிற சுழிகளுக்கு அது தாங்காது, உள்ளிடைவெளி அடைபட்டுவிடும்.

பின்னணிக்கு முழுக்கறுப்பும் வேண்டாம். நிற அமைப்பில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் (0 முதல் 255 வரையிலான அளவில்) 18 கொடுங்கள், எழுத்துக்கு 224. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே இப்போது உங்களுடையது 21:1 ஒளி வேறுபாடு, இதில் சுமார் 14:1. பார்வைக் குறை உள்ளவர்களும் படிக்க வகுத்த இணையதள அணுகல் நெறிகள் சாதாரண எழுத்துக்குக் கேட்கும் குறைந்த அளவே 4.5:1தான்.

கடைசிப்பக்கம்:
பாதி சரியாயிற்று, நன்றி. ஆனால் ஒரு வேடிக்கை. இடக்கண்ணை மூடினால் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. வலக்கண்ணை மூடினால் பழையபடி பஞ்சு!

திண்ணை:
அப்படியானால் திரை மேல் பழி போடாதீர்கள். கண் டாக்டர் தந்த கண்ணாடிச் சீட்டில் 'சிலிண்டர்' கட்டத்தில் (கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாததைச் சரிசெய்யும் பவர்) ஏதாவது எண் இருக்கிறதா? இருட்டுப் பின்னணியில் கண் பாப்பா விரியும், சின்ன பவர் குறைகூடப் பெரிதாகத் தெரியும். வெள்ளைப் பக்கத்தில் அது சுருங்குவதால் குறை ஒளிந்துகொள்ளும். ஒரு அட்டையில் குண்டூசியால் துளை போட்டு, இடக்கண்ணால் அதன் வழியே படியுங்கள். தெளிந்தால் பெரும்பாலும் பவர்தான்.

கடைசிப்பக்கம்:
துளை வழியே புள்ளி தனியாக நிற்கிறது! சீட்டைத் தேடி எடுத்தேன்: இடக்கண், சிலிண்டர் -1.25. படுத்துக்கொண்டு படிப்பதால் கண்ணாடியைக் கழற்றிவிடுவேன், அதைச் சொல்ல விட்டுப்போயிற்று.

திண்ணை:
அட, அதையல்லவா முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! சீட்டு எத்தனை வருஷம் பழசு?

கடைசிப்பக்கம்:
நாலு. சனிக்கிழமை கண் டாக்டரிடம் போகிறேன். அதுவரை அறை விளக்கும் வெள்ளைப் பின்னணியும்தான்.