மோட்டார் சைக்கிளிலிருந்து ஏபிஎஸ்ஸைக் கழற்றிவிடலாமா?

பாமணியாற்றங்கரை:

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் வண்டி 160 சிசி. இரண்டு சக்கரங்களுக்கும் ஏபிஎஸ் (அழுத்திப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) உண்டு. நடவு தொடங்கியதிலிருந்து ஏபிஎஸ் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. அதைவிடக் கவலை தருவது, நடை வேகத்துக்கு வந்து வண்டி நிற்கப்போகும் தறுவாயில் முன் பிரேக் பிடி கைக்குள் படபடவென்று துடிப்பதுதான். அந்த ஒரு கணம் பிரேக்கே இல்லாததுபோல வண்டி முன்னால் நழுவுகிறது. மகளைப் பின்னால் உட்காரவைத்துக் கடைத்தெரு நெரிசலில் ஓட்டுவதற்கே தயக்கமாக இருக்கிறது.

இங்குள்ள பட்டறையில், ஏபிஎஸ் யூனிட்டைக் கழற்றிவிட்டு பிரேக் பிடியை ஒட்டிய மாஸ்டர் சிலிண்டரிலிருந்து, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்கு நேராக ஹோஸ் போட்டுவிடலாம், பழைய வண்டிகளெல்லாம் அப்படித்தானே ஓடின என்கிறார்கள். புதிய யூனிட் வாங்கும் வசதி இப்போது எனக்கு இல்லை. கழற்றுவது சரியா? அதனால் வேறு சிக்கல் வருமா?

கும்பகோணம் பட்டறை:

வணக்கம் ஐயா. நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு யூனிட் காரணமாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் சக்கரத்தின் பக்கத்தில்தான் பழுது இருக்கும்.

சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும், வரிசையாகத் துளைகள் கொண்ட மெல்லிய வளையம் ஒன்று டிஸ்க்கின் அருகே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் முன்னால் நூலிழை இடைவெளி விட்டுப் பொருத்தப்பட்ட சென்சார், துளைகள் கடந்துபோகும் வேகத்தைக் கொண்டு சக்கரத்தின் வேகத்தைக் கணிக்கிறது. சென்சார் முனையில் சேறு அப்பினாலோ, வளையம் கோணி இடைவெளி கூடினாலோ, வேகமாகச் செல்லும்போது எப்படியோ சமாளித்துக்கொள்ளும் சமிக்ஞை, வேகம் குறைந்ததும் அறுந்துபோகிறது. சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரம் பூட்டிக்கொண்டுவிட்டது என்று ஏபிஎஸ் யூனிட் தவறாக எண்ணி, பிரேக் அழுத்தத்தைத் தானாகவே தளர்த்திவிடுகிறது. உங்கள் கைக்குள் துடிப்பது அதுதான்.

நம் பகுதியில் இதற்கு வழி அதிகம். கேஜ் வீல் (சேற்றில் ஓட்டுவதற்கான இரும்புச் சக்கரம்) மாட்டிய டிராக்டர்கள் வயலிலிருந்து ஏறி சாலையெங்கும் உதிர்த்துவிட்டுப் போகும் களிமண், அறுவடைக் காலத்தில் சாலையில் கிடக்கும் வைக்கோல் எல்லாம் அந்த வளையத்தில்தான் போய்ச் சிக்குகின்றன. பல வண்டிகளில் சென்சாருக்குள் காந்தம் இருப்பதால், பிரேக் தேய்மானத்தில் வரும் இரும்புத் துகளும் அதன் முனையில் ஒட்டிக்கொள்ளும். அண்மையில் பஞ்சர் ஒட்டினீர்களா என்பதையும் யோசித்துப் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றி வளையம் இருக்கும் பக்கம் தரையில் படுமாறு கவிழ்த்துப் போட்டு, டயர் லீவரால் நெம்பும்போது வளையம் கோணிவிடும்.

யூனிட்டைக் கழற்றினால் என்ன கிடைக்கும் என்றும் கேட்டீர்கள். ஏபிஎஸ்ஸுக்கு மின்சாரம் இல்லாதபோது, காலிப்பருக்குப் போகும் வழியில் உள்ள வால்வு திறந்தே இருக்கும். நீங்கள் கொடுக்கும் அழுத்தம் அப்படியே காலிப்பருக்குப் போகும், அதாவது சாதாரண பிரேக்காக வேலை செய்யும். ஆகவே சோதனைக்காக, ஆளில்லாத இடத்தில் ஏபிஎஸ் ஃபியூஸை எடுத்துவிட்டு மெதுவாக ஓட்டிப் பாருங்கள். துடிப்பு நின்றுவிட்டால் பழுது ஏபிஎஸ் பக்கம்தான் என்று உறுதியாகும். வண்டியின் கணினியில் பதிவான பழுதுக் குறியீட்டைக் கருவி வைத்துப் படித்தால் முன் சென்சாரா பின் சென்சாரா என்பதும் தெரிந்துவிடும். யூனிட்டை அறுத்தெடுத்தால் இதற்கு மேல் ஒரு பலனும் இல்லை. ஹோஸ் மாற்றும் செலவும், பிரேக் ஆயில் குழாயிலிருந்து காற்று எடுக்கும் வேலையும், ஓயாமல் எரியும் விளக்கும்தான் மிஞ்சும். சில வண்டிகளில் வேகமானியும் இதே சென்சாரிலிருந்துதான் கணக்கு எடுக்கிறது, அதுவும் நின்றுபோகும்.

திருவாரூர் வாசகர்:

சட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 125 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களில், புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் 1 முதலும் ஏபிஎஸ் கட்டாயம். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. விபத்து நேர்ந்தால், பிரேக் அமைப்பை மாற்றியதையே காரணம் காட்டி இன்சூரன்ஸ் தரப்பு வாதாட முடியும். மகளை ஏற்றிச் செல்லும் வண்டி என்கிறீர்கள்; இந்தச் சுமை உங்களுக்கு வேண்டாம்.

கொள்ளிடக்கரை:

எனக்குச் சற்று மாறான கருத்து உண்டு. தினமும் ஆற்றங்கரை மண்பாதையில்தான் போய்வருகிறேன். உதிரி ஜல்லியிலும் மணலிலும் ஏபிஎஸ் உள்ள வண்டி நிற்க அதிகத் தூரம் எடுக்கிறது. பூட்டிய சக்கரம் ஜல்லியைக் குவித்துக்கொண்டு சீக்கிரம் நிற்கும். தயாரிப்பாளர்களே இதை ஒப்புக்கொண்டுதானே, 2020இல் வந்த ஹிமாலயன் போன்ற வண்டிகளில் பின் சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதி கொடுத்தார்கள்?

கும்பகோணம் பட்டறை:

நீங்கள் சொல்வது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அந்த வசதி பின் சக்கரத்துக்கு மட்டும் கொடுக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். பின் சக்கரம் பூட்டினால் வால் பக்கம் ஆடும், பழகியவர் சமாளித்துவிடுவார். முன் சக்கரம் பூட்டினால், டயருக்குப் பக்கவாட்டுப் பிடிமானம் அடியோடு போய்விடுவதால், கால் ஊன்றுவதற்குள் வண்டி சாய்ந்துவிடும். இவர் ஓட்டுவதோ தார்ச்சாலை. ஐப்பசி மழையில் நனைந்த களிமண் பூச்சின் மேலும், கொள்முதல் நிலைய வாசலில் சிதறிக் கிடக்கும் நெல்மணிகளின் மேலும், திடீரென்று ஆடு குறுக்கே வரும்போது பதறிப்போய் முழுப் பிடியாகப் பிடிப்பவருக்கு, முன் சக்கர ஏபிஎஸ்ஸைப் போல உதவக்கூடியது வேறில்லை. அதைக் கழற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாமணியாற்றங்கரை:

அனைவருக்கும் மிக்க நன்றி. ஃபியூஸை எடுத்துப் பார்த்தேன், துடிப்பு அடியோடு நின்றது. பிறகு முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்திக் கையால் சுற்றியபோது, வளையம் ஓரிடத்தில் சென்சாரை உரசுவதுபோல நெருங்கி, எதிர்ப்பக்கத்தில் நன்றாக விலகிப்போவது கண்ணுக்கே தெரிந்தது. நடவுக்கு முன்பு முன் டயரில் பஞ்சர் ஒட்டியதும் உண்மைதான். வளையத்தைத் தட்டி நிமிர்த்திவிடலாமா?

கும்பகோணம் பட்டறை:

தட்ட வேண்டாம் ஐயா. பார்வைக்கு நேராகத் தெரிந்தாலும் சென்சாருக்குத் தேவையான துல்லியம் சுத்தியலில் வராது. உங்கள் மாடலுக்கு உரிய புதிய வளையத்தையே வாங்கிப் போடுங்கள். யூனிட்டின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகைதான். போடும்போது சென்சார் முனையை உலர்ந்த துணியால் துடையுங்கள், வாட்டர் சர்வீஸ் குழாயை அதன்மேல் பாய்ச்சாதீர்கள். வீல் பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இடைவெளி மறுபடியும் மாறும். ஃபியூஸைத் திரும்பச் செருக மறக்க வேண்டாம். சாவி போட்டதும் விளக்கு எரிந்து, வண்டி நகர்ந்த சிறிது நேரத்தில் அணைந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். அணையாவிட்டால் பழுதுக் குறியீட்டைப் படித்து இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.